முதல் அளவுக்குக் காத்திருந்தவள்

ஸ்டெல்லா போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது கீரனூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். காய்ச்சல் என்று திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனவள், உயிரோடு திரும்பவில்லை. அவளைத் தெரிந்த உங்களுக்கும் நம்ப முடிந்திருக்காது. ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவள் ஆயிற்றே.

நாங்கள் இருவரும் கோழிப்பண்ணைகளுக்கு வெப்பம் பார்க்கும் கருவி செய்தோம். கொட்டகையின் அதிக வெப்பத்துக்கும் குறைந்த வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லை மீறினால் சைரன் அடிக்கும். எங்கள் முதல் புரோகிராம் வந்த அளவையெல்லாம் சேமித்ததில், மெமரி நிரம்பி மதியத்துக்குள் கருவி நின்றுபோனது. ஸ்டெல்லா மேசையைத் தட்டிக் கத்தினாள். "எல்லாத்தையும் எதுக்குடி மூட்டை கட்டணும்? பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு போதும். புதுசா வர்றது அதுகளத் தாண்டுதான்னு மட்டும் பாரு!" பக்கம் பக்கமாக இருந்தது சில வரிகளாகச் சுருங்கியது. அவள் தட்டிய தட்டில் என் டீயும் கவிழ்ந்தது.

அந்தக் கருவியைக் குன்றாண்டார்கோவில் பக்கம் முத்தையா அண்ணன் பண்ணையில் மாட்டி, அப்போதைய வெப்பத்தை நாங்களே கையால் பதித்து ஓடவிட்டோம். சவுதியில் சம்பாதித்ததையெல்லாம் அவர் அந்தக் குஞ்சுகளில்தான் போட்டிருந்தார். கரண்ட் போய் வந்ததும் சைரன் அலறியது. குஞ்சுகள் மிரண்டு ஒரே மூலையில் ஏறி விழுந்ததில் அடியில் கிடந்தவை செத்துப்போயின. "கழட்டி எடுத்துட்டுப் போயிருங்கம்மா. இன்னொரு தடவ அலறுச்சுன்னா நான் திரும்ப பிளைட் ஏற வேண்டியதுதான்" என்றார்.

ஸ்டெல்லா அங்கேயே உமிமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில், "அட லூசு ஸ்டெல்லா!" என்று துள்ளி எழுந்தாள். பெருசு, சிறுசு இரண்டையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியிருந்தாள். கரண்ட் போனதில் நாங்கள் பதித்தது அழிந்து, கருவி பூஜ்ஜியத்தையே குறைந்த வெப்பமாக எடுத்துக்கொண்டு வித்தியாசத்தைக் கணக்கிட்டிருந்தது. "அண்ணே, நம்ம ஊருல பனிக்கட்டி மழை பேஞ்சுச்சுன்னுல்ல பொட்டி நெனச்சிருக்கு! மொத அளவு வரட்டும். அதுதான் பெருசு, அதுதான் சிறுசு. அப்புறம் பாருங்க!"

திருத்தினாள். சைரனைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டி, மெயினை அணைத்து அணைத்துப் போட்டாள். பல்பு எரியவே இல்லை. முத்தையா அண்ணன் தன் கையாலேயே சைரனைத் திரும்ப மாட்டினார்.

அடக்கத்துக்கு அவரும் வந்திருந்தார். "இன்னைக்கும் கரண்ட் போயி வந்துச்சும்மா. குஞ்சுக அதுபாட்டுக்குத் தீனி தின்னுக்கிட்டு இருந்துச்சுக" என்று சொல்லிவிட்டு அழுதார்.

தன் தப்பு அகப்பட்டதும் அவளுக்கு வரும் அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் வைத்துக்கொண்டேன். நேற்று என் புரோகிராமில் ஒரு தப்பு சிக்கியது. துள்ளி எழுந்து, "ஏய் ஸ்டெல்லா!" என்று கத்தியும் விட்டேன்.