உரலும் வெட்டுக்கிளியும்

அமெரிக்காவில் ஒரு காற்பந்துக் குழு தன் இரண்டு ஓட்டக்காரர்களில் யாரை நம்புகிறதோ, அதைப் பொறுத்தே பினாங்கில் எங்கள் அப்பாவுக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைக்கும் என்று எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் நம்பியது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ராகு காலத்தை எப்படி நம்பினோமோ, மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்பதை எப்படி நம்பினோமோ, அப்படியே இதையும் நம்பினோம். வீட்டில் படிக்கிற பெண் என்று பெயர் வாங்கியிருந்த நானும் நம்பினேன். படிப்பு இத்தகைய நேரங்களில் பெரிதாக உதவுவதில்லை.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அது நினைவுக்கு வந்ததற்குக் கெலுகோரில் என் வீட்டருகே இருக்கும் சாப்பாட்டுக் கடைதான் காரணம். போன திங்கட்கிழமை காலை ரொட்டி சானாய் வாங்கப் போயிருந்தேன். சுவரில் இருந்த பெரிய தொலைக்காட்சியில், தோளில் தலையணை வைத்துத் தைத்தாற்போன்ற சட்டையணிந்த மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தேநீர் ஆறுவதையும் மறந்து, ஆடிக்கொண்டிருந்த குழு எந்த ஓட்டக்காரரை நம்ப வேண்டும் என்று சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறும் தம்பி வேறு அலைவரிசைக்கு மாற்றக் கை நீட்டினார். “தம்பி, மாத்தாதீங்க” என்று சொன்ன குரல் என்னுடையது என்பதை நான் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். மாணவர்களில் ஒருவர் திரும்பி, “ஆன்ட்டி, நீங்க இந்த ஃபுட்போல் எல்லாம் பாப்பீங்களா?” என்று கேட்டார். “ஒரே ஒரு சீசன் பார்த்தேன்” என்றேன். உண்மை அதுதான். அந்த ஒரு சீசன் என் ஆயுளுக்குப் போதும்.

அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்திராவிட்டால் குறை ஒன்றும் இல்லை. நாங்கள் பார்த்தும் புரிந்துகொண்டது மிகக் கொஞ்சம். ஒருவர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தம்மைத் தடுக்க நிற்கும் மனிதச் சுவரை நோக்கி ஓடுவார். சுவர் சாயும், அல்லது அவர் சாய்வார். பிறகு எல்லாரும் கூடி நின்று தலையைக் குனிந்து பேசுவார்கள். பேசி முடித்ததும் மறுபடி மோதிக்கொள்வார்கள். “நம்ம வீட்டுக் கல்யாணப் பேச்சு மாதிரியே இருக்கு” என்பது அம்மாவின் கருத்து. தப்பு நடந்தால் நடுவர் மஞ்சள் துணி ஒன்றை வீசுவார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. வயதான மனிதர், பாவம், கைக்குட்டை அடிக்கடி நழுவி விழுகிறது என்றே நினைத்திருந்தோம்.

அப்பாவும், அம்மாவின் தம்பியான என் மாமாவும் பாயான் லெப்பாஸில் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில், ஒரே உற்பத்தி லைனில் வேலை பார்த்தார்கள். மாமாவுக்கு அப்போது திருமணமாகவில்லை. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் முன்னறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பில் ஓர் அமெரிக்கர் இருந்தார். எல்லாருக்கும் அவர் ‘பாஸ்’. ஊரை விட்டு வந்த ஏக்கத்தில் அவர் தம் ஊர்க் குழுவின் ஆட்டங்களை ஒளிநாடாவில் வரவழைத்துப் பார்ப்பார்; பார்த்து முடித்ததைத் தொழிலாளர்களுக்கு இரவல் கொடுப்பார். ஒரு நாள் கேண்டீனில் நாடாவைப் போட்டுக் காட்டி, “இரண்டு ஓட்டக்காரர்களை மாற்றி மாற்றி இறக்கினால் எந்தக் குழுவும் உருப்படாது. யாராவது ஒருவரை நம்ப வேண்டும். நம் லைனுக்கும் ஒரு சூப்பர்வைசரை நான் அப்படித்தான் தேர்ந்தெடுக்கப் போகிறேன்” என்று பேசிவிட்டார். பேசியவருக்கு அது ஓர் உவமை. எங்களுக்கோ அது அருள்வாக்கு.

ஏனென்றால், அந்தக் குழுவின் ஓட்டக்காரர்களில் ஒருவர் கனத்த உடம்புக்காரர். மெதுவாக ஓடினாலும் விழாமல் போய்ச் சேர்வார். மற்றவர் மெலிந்தவர், கண்மூடித் திறப்பதற்குள் எங்கோ இருப்பார், சில வேளைகளில் பந்து இல்லாமல். அப்பா கனத்தவர், நிதானமானவர், வேலைக்கு ஒரு நாளும் தாமதமாகப் போகாதவர். மாமா எந்த இயந்திரம் நின்றாலும் தாவிப் போய் ஓடவைத்துவிடுவார். ஆனால் காலை மணி அடிக்கும்போது பெரும்பாலும் பேருந்தில்தான் இருப்பார். சூப்பர்வைசர் பதவிக்கு அடிபட்ட பெயர்கள் இரண்டு. இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டன.

பதவியைப் பற்றி அவர்கள் ஒருவரிடம் ஒருவர் ஒரு சொல் பேசியதில்லை. எப்படிப் பேச முடியும்? அக்காள் கணவருக்கு மேலே மைத்துனன் உட்கார்ந்தால் அந்த வீட்டில் எப்படிச் சோறு போடுவது? மாமாவோ, தமக்குக் கிடைக்காவிட்டால் சிங்கப்பூருக்குப் போய்விடுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தார். அது அம்மாவின் காதுக்கும் வந்திருந்தது. ஆகவே இருவரும் ஓட்டக்காரர்களைப் பற்றியே பேசினார்கள். கனத்தவருக்கு ‘உரல்’ என்று பெயர் வைத்தவர் மாமா. மெலிந்தவருக்கு ‘வெட்டுக்கிளி’ என்று வைத்தவர் அப்பா. எதிரி வைத்த பெயரை இருவருமே பெருமையோடு ஏற்றுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், தமிழ்ப் படம் பார்ப்பதற்காக வாங்கிய கருவியில் அந்த நாடா ஓடும். அம்மா மிளகாய்ச் சம்பல் இடிப்பார். அதில் சேரும் பெலாச்சான் இறால் விழுதின் வாடையை முகர்ந்தால் இன்றும் எனக்கு அந்த ஆட்டத்தின் விசில் சத்தம் கேட்கிறது.

“மச்சான், ஒரே ஒரு கெஜம் வேணும். யாருகிட்ட பந்த குடுப்ப? சொல்லு.”

“ஒரு கெஜம்னா உரல்கிட்டதான் அத்தான். ஆனா கிரவுண்டு நூறு கெஜமாச்சே. உங்க உரல் அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள தீபாவளி வந்துரும் லா.”

“உன் வெட்டுக்கிளி துள்ளும், துள்ளும், கடைசியில பந்த நழுவவிடும்.”

“ஒரு தடவதான் விட்டான்!”

“ஒரு தடவ விட்டவன், மறுபடி விடுவான். அதோட, லேட்டா வர்றவன நம்பி எப்படி லைன குடுக்குறது?”

வெட்டுக்கிளி மைதானத்துக்கு ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

“அவன் எங்க அத்தான் லேட்டா வந்தான்?”

“பொதுவா சொன்னேன்.”

“பொதுவா பாத்தா, ஒரு ஸ்குரூவ எடுக்கக் குனிஞ்சா நிமிரவே அரை நாள் ஆகுற ஆளுகிட்டயும் லைன குடுக்க முடியாது.”

சமையலறை வாசலில் உலக்கையோடு நின்றிருந்த அம்மா, “அந்தப் பெரியவரு மறுபடியும் கைக்குட்டைய போட்டுட்டாரு, பாருங்க” என்றார். இருவரும் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அம்மா அந்த நடுவரைப் பற்றிப் பேசியதெல்லாம் இப்படிப்பட்ட வேளைகளில்தான் என்பது எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது.

சீசனின் இறுதி ஆட்டமும் தைப்பூசமும் அடுத்தடுத்து வந்தன. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் ரதத்தின் முன்னால் சாலையில் சிதறு தேங்காய் உடைப்பது எங்கள் ஊர் வழக்கம். வேண்டுதலின் கனத்துக்கு ஏற்ப குவியலும் உயரும். அந்த ஆண்டு வழக்கமான ஒரு மூட்டைக்குப் பதிலாக வாசலில் இரண்டு மூட்டைகள் வந்து இறங்கின. அப்பாவும் மாமாவும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சொல்லி வைத்திருந்தார்கள்.

“அத்தான், நீங்க முருகன்கிட்ட உரலுக்காகவா வேண்டியிருக்கீங்க?”

“ஏன், முருகனுக்கு அமெரிக்கா தெரியாதா?”

“தெரியும். ஆனா அவரு வாகனம் மயில். வேகம். உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வந்தவரு.”

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். “சுத்தி வந்தாரு. பழம் யாருக்குக் கிடைச்சுச்சு?”

அப்பாவின் வாழ்வில் அதைவிடப் பெரிய வெற்றி இருந்திருக்காது. இருந்த இடத்திலேயே அப்பனையும் அம்மையையும் வலம்வந்து பழத்தை வாங்கிக்கொண்ட கனத்த பிள்ளையாருக்கும், மயிலேறிப் பறந்தும் ஏமாந்துபோன தம்பிக்கும் நடந்த போட்டியை அறியாத தமிழர் உண்டா? மாமா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். ஆனால் தலையில் பாதி சோப்பு நுரையோடு கதவைத் திறந்து வெளியே வந்தார்.

“அத்தான், அந்தக் கோவத்துலதானே அவரு மலையேறி நின்னாரு? அவருகிட்டயே போய் குண்டா இருக்குறவனுக்காக வேண்டியிருக்கீங்களே!”

அப்பாவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். வேண்டுதலைப் பிள்ளையாருக்கு மாற்றிவிடலாமா என்று அவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். முருகனுக்கு என்று சொல்லி வாங்கிய தேங்காயை அண்ணனிடம் கொடுத்தால் பழைய சண்டை மறுபடி தொடங்கும் என்று அம்மா மறுத்துவிட்டார்.

இதற்கிடையில் வீட்டின் அறிவுச்சுடரான நான் ஓர் உண்மையை எடுத்துரைத்தேன். நாடா அஞ்சலில் வந்து சேர வாரங்கள் ஆகும். இறுதி ஆட்டம் அமெரிக்காவில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. “முடிஞ்சுபோன ஆட்டத்துக்கு எதுக்குப்பா தேங்கா?”

“முடிஞ்சது அங்க. இங்க இன்னும் முடியலயே” என்றார் அப்பா.

“அத்தான் சொல்றது சரி” என்றார் மாமா. அந்த சீசன் முழுவதிலும் அவர்கள் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான். அதையொட்டி, பாஸிடம் முடிவைக் கேட்கக்கூடாது என்று இருவரும் உடன்பாடு செய்துகொண்டார்கள். கேட்கவில்லை, ஆனால் அவர் முகத்தைப் படித்தார்கள். பாஸ் இன்று மீ கோரெங் நூடுல்ஸில் மிளகாயைத் தள்ளிவைத்தார், ஆகவே உரல் விழுந்திருக்கும். பாஸ் படியில் இரண்டிரண்டாக ஏறினார், ஆகவே வெட்டுக்கிளி ஜெயித்திருக்கும். அந்த மனிதருக்கு மூல வியாதி இருந்ததாக வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

ரதம் வரும் நாளில், விடிகாலையிலேயே டத்தோ கிராமாட் சாலையோரம் இடம்பிடித்தோம். அப்பாவின் குவியல் ஒருபுறம், மாமாவின் குவியல் மறுபுறம். நடுவே அம்மா தம் பைக்குள்ளிருந்து சில தேங்காய்களை எடுத்துத் தனியாக அடுக்கினார். என் பரீட்சைக்காக இருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன். என்னைப் பற்றி எனக்கு அப்போது உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. நாதஸ்வரம் நெருங்கியதும் அப்பாவும் மாமாவும் போட்டி போட்டுக்கொண்டு உடைத்தார்கள். அப்பா ஒவ்வொன்றாக, குறி பார்த்து. மாமா இரு கைகளாலும். தேங்காய்த் தண்ணீர் தார்ச்சாலையில் ஓடி எங்கள் கால்களை நனைத்தது. அம்மா கடைசியாக, ஓசைப்படாமல் உடைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாடா வந்தது. உரல் மூன்று முறை சுவரில் மோதி மூன்று முறையும் நின்ற இடத்திலேயே நின்றது. வெட்டுக்கிளி துள்ளியது, இரண்டு மலைபோன்ற மனிதர்களுக்கு நடுவில் காணாமற் போனது. ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் இருவருமே தரையில் கிடக்க, பந்தை வைத்திருந்தவர் அதை வானத்தில் எறிந்தார். அது எல்லார் தலைக்கும் மேலாகப் பறந்து, அதுவரை நாங்கள் ஒருமுறைகூடப் பெயர் சொல்லியிராத ஒருவரின் கைகளில் போய் விழுந்தது. மைதானம் ஆர்ப்பரித்தது. குழு வென்றுவிட்டது.

எங்கள் முன்னறையில், “இப்படி எறியலாமா?” என்று அப்பா கேட்டார். சீசன் முழுக்க அவர்கள் எறிந்துகொண்டுதான் இருந்தார்கள், நாங்கள்தான் கவனிக்கவில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் பெயர் அறிவிக்கப்பட்டது. தரப் பரிசோதனைப் பிரிவின் மிஸ் ஊய். வேலையில் கெட்டிக்காரி, ஒளிநாடா எதையும் பார்த்தறியாதவர்.

அன்று மாலை இருவரும் ஒரே பேருந்தில் வந்து, ஒன்றாகவே படியேறி, ஒருவர் எதிரே ஒருவர் உட்கார்ந்தார்கள்.

“முருகன் ரெண்டு பேரு பேச்சையும் கேக்கல அத்தான்” என்றார் மாமா.

“ரெண்டு மூட்டை தேங்கா” என்றார் அப்பா.

அம்மா தேநீர்க் குவளைகளை வைத்தார். “ஏன் கேக்கல? நான் வேண்டுனத கேட்டுட்டாரே.”

“நீ என்ன வேண்டுன?”

“ரெண்டு பேருக்கும் கிடைக்கக்கூடாதுன்னு.”

சொல்லிவிட்டுச் சர்க்கரை போதுமா என்று கேட்டார். “உங்களுக்குக் கிடைச்சா தம்பி போயிருவான். தம்பிக்குக் கிடைச்சா நீங்க அவன்கூட சாப்பிட மாட்டீங்க. நான் வேற என்னத்த வேண்டுறது?”

முதலில் சிரித்தவர் மாமா. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, “அக்கா, நீங்கதான் பந்த மேல தூக்கி எறிஞ்சீங்களா?” என்றார். அப்பாவுக்கு இரண்டு நாட்கள் கோபம் இருந்தது. மூன்றாம் நாள் அம்மா கோழிக்கறி வைத்தார்; கோபம் போய்விட்டது. மாமா சிங்கப்பூருக்குப் போகவில்லை. திருமணமான பிறகும் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழேதான் குடியிருந்தார். இருவரும் ஓய்வு பெறும்வரை மிஸ் ஊயின் கீழ் ஒரே லைனில் நின்றார்கள். அவரைப் பற்றிக் குறைசொல்வதில் அவர்களுக்குள் அதன்பின் கருத்து வேறுபாடே இருந்ததில்லை.

பாஸ் ஊருக்குத் திரும்பிப் போனார். ஒளிநாடாக்கள் பூஞ்சை பிடித்தன. அவற்றை ஓட்டும் கருவியைப் பழைய சாமான்காரரும் வேண்டாம் என்றார். தொழிற்சாலை அந்த லைனை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது ஏதோ சரக்குக் கிடங்கு இருக்கிறது. அப்பா ஒரு மழைக்காலத்தில், அவசரமில்லாமல், அவர் வழக்கப்படியே போய்ச் சேர்ந்தார். மாமா அடுத்த ஆண்டே, யாரும் எதிர்பாராதபோது, சட்டென்று போய்விட்டார். சுங்கை பினாங் வீட்டை விற்றுவிட்டுக் கெலுகோருக்கு வந்துவிட்டோம்.

அம்மா இருக்கிறார். இரவு உணவுக்குத் தட்டுகளை இன்னும் அவர்தான் எடுத்து வைக்கிறார். இரண்டு தட்டுகள், எனக்கும் அவருக்கும்.