ரேடியோவின் குரலுக்கு ஒரு சட்டப் பிரிவு

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஏழு வயதில், சாமான் சுற்றி வந்த செய்தித்தாள் துண்டைக்கூட நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்தையும் விழுங்காமல் உரக்கப் படிப்பாள். அதனால் வந்த பெயர். முப்பத்தி நாலு வயதில் அவள் பெரிய மருத்துவமனையின் ரத்த வங்கியில் தொலைபேசி மேசைக்குப் பொறுப்பு. ரத்தம் கொடுப்பவர்களை அழைத்து, "இன்ன வகை தேவைப்படுகிறது, வர முடியுமா?" என்று கேட்பது வேலை. ஒன்பது வருடத்தில் அவள் கூப்பிட்டு வராதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு பேர் அன்றைக்கு வெளியூரில் இருந்தார்கள்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒரு நிறுவனத்துக்காரர் தேடி வந்தார். பேருந்து வரும் நேரத்தைச் சொல்ல ஒரு பதிவு வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில் நான்கு மணி நேரம் படித்துக் கொடுத்தாள். கூலியாக ஒரு மேசை மின்விசிறி கிடைத்தது. கையெழுத்துப் போட்ட தாளின் அடியில் "மற்றும் பிற நோக்கங்களுக்கும்" என்று ஒரு வரி இருந்தது. ஊருக்கே படித்துக் காட்டுகிறவள் அந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டுவிட்டாள்.

அந்தப் பதிவை வைத்து மெஷினே அவள் குரலில் எதையும் பேசக் கற்றுக்கொண்டது. பிற நோக்கங்கள் வரிசையாக வந்தன. வீட்டு மனை, தனிநபர் கடன், வழுக்கையில் முடி வளர்க்கும் தைலம். "வணக்கம்! உங்களுக்கு ஒரு நல்ல செய்தி!" என்று தினமும் லட்சம் பேரின் காதில் அவள் குரல் விழுந்தது. லட்சம் பேரும் பட்டென்று இணைப்பைத் துண்டிக்கப் பழகிக்கொண்டார்கள். அதில் ரத்தம் கொடுப்பவர்களும் அடக்கம்.

ரத்த வங்கி டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நேத்து ஒரு ஆபரேஷன் தள்ளிப்போச்சு. தெரியுமில்ல?"

"முப்பத்தொரு பேருக்கு அடிச்சேன் சார். வணக்கம்னு சொன்னதுமே வச்சிடறாங்க."

"ஒரு மாசம் டைம். நீ குரலை மாத்து, இல்லேன்னா நான் சீட்டை மாத்திடுவேன். பழைய ஃபைல் ரூம்ல ஆள் இல்ல."

மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். "மெஷினுக்கே சளி பிடிச்சிருச்சு!" என்று யாரோ சிரித்துவிட்டு வைத்தார்.

"வணக்கத்தை விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வாயேன்டி," என்றாள் அக்கா.

"வந்து பாத்தேன்க்கா. எடுத்ததும் 'உங்க ரத்தம் வேணும்'னேன். அலறிட்டு வச்சிட்டாங்க."

அந்தச் சமயத்தில்தான் தானியங்கி அழைப்புகளைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா வந்தது. பொதுமக்கள் தொலைபேசியில் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். மூன்று தடவை அழைத்தாள். கருத்துக் கேட்கும் அதிகாரி மூன்று தடவையும் வைத்துவிட்டார். நான்காவதாக, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரிலேயே போய்விட்டாள்.

நீள மேசைக்குப் பின்னால் மசோதாவை ஆராயும் சபைக் குழுவின் ஐந்து உறுப்பினர்கள். அவள் எழுந்து நின்று, "வணக்கம்," என்றாள். இணைப்பைத் துண்டிக்க ஐந்து கட்டைவிரல்களும் தாமாக அசைந்தன. ஒருவர் தண்ணீர்க் குவளையைத் தடவினார்.

"யாருப்பா போனை ஸ்பீக்கர்ல போட்டது?" என்றார் தலைவர்.

"போன் இல்ல சார், நான்தான்."

"நீங்களா? எனக்கு ஒரு நாளைக்குப் பதினாலு தடவை மனை விக்கிறீங்களேம்மா!"

"நான் வாடகை வீட்டுல இருக்கேன் சார்," என்றாள் ரேடியோ. "குரல் குடுத்தவங்க திருப்பிக் கேட்டா அழிச்சிடணும்னு ஒரே ஒரு வரி போடுங்க. அது போதும்."

சட்டம் நிறைவேறியது. மொத்தம் பதினொரு பக்கம். தடை இரண்டு பக்கம், விலக்கு ஒன்பது பக்கம். கடன் கொடுப்பவர்களுக்கு விலக்கு உண்டு. தேர்தல் காலத்தில் உறுப்பினர்கள் தங்கள் சாதனைகளைச் சொல்லிக்கொள்வதற்கும் உண்டு. ஆனால் பதினேழாம் பிரிவில் அவள் வரி இருந்தது. எழுத்து மூலம் கேட்டால், தொண்ணூறு நாளுக்குள் குரலை அழித்தாக வேண்டும்.

அன்றே எழுதிக் கொடுத்தாள். நிறுவனம் சட்டத்துக்கு அப்படிக் கட்டுப்பட்டது! கடையைக் காலி செய்கிறவன் சரக்கைத் தள்ளிவிடுவதுபோல் தொண்ணூறு நாளும் அவள் குரலை இருமடங்கு ஓட்டித் தீர்த்தது. டாக்டர் சொன்ன மாதமும் முடிந்துபோனது. அவளைக் கோப்பு அறைக்கு அனுப்பினார்கள். தூசி மூக்கில் ஏற, ஆயிரத்து இருநூறு கோப்புகளை அகர வரிசையில் அடுக்கி வைத்தாள். அப்படி ஒரு அடுக்கை அந்த அறை அதற்குமுன் கண்டதில்லை.

தொண்ணூற்றொன்றாம் நாள் காலை, சட்டப் பிரதியில் பதினேழாம் பிரிவை அடிக்கோடிட்டு டாக்டரிடம் நீட்டினாள்.

"சரி, இன்னிக்கு ஒரு நாள் உக்காரு," என்றார் அவர். "ஓ நெகட்டிவ், ரெண்டு பேர். பன்னெண்டு மணிக்குள்ள வரணும், சாயங்காலம் ஆபரேஷன். வரலேன்னா ஃபைல் ரூம்தான், நிரந்தரமா."

முதல் எண், வணக்கம், துண்டிப்பு. இரண்டாவதும் அதே கதை. குரலை அழிக்கச் சட்டம் இருந்தது; ஜனங்களின் காதிலிருந்து அழிக்க ஒரு பிரிவும் இல்லை. மூன்றாவது எண் ஒரு லாரி ஓட்டுநருடையது. அவர் உடனே வைக்கவில்லை.

"மெஷின்தானே?"

"இல்லண்ணே, ஆளு. ரத்த வங்கியிலேர்ந்து பேசறேன்."

"மெஷினும் அப்படித்தாம்மா சொல்லும்."

"என்ன பண்ணினா நம்புவீங்க?"

"என்னைத் திட்டுங்க பாப்போம். மெஷின் திட்டாது."

மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்தது மடை திறந்தது. "போன் எதுக்குய்யா வச்சிருக்கீங்க, முதுகு சொறியவா? உசுருக்குப் போராடறவங்களுக்காகக் கூப்பிட்டா, வணக்கத்துக்கு மரியாதைகூடக் குடுக்காம வச்சிடறீங்க! வாங்க நேர்ல, ஊசியைக் குத்தும்போது தெரியும்!" ஓர் எழுத்தையும் விழுங்கவில்லை.

"ஐயையோ, ஆளுதான்!" என்றார் ஓட்டுநர். "வச்சிடாதீங்கம்மா. என் மச்சானுக்கும் இதே ரத்தம்தான். கூட்டிட்டு வர்றேன்."

பதினொன்றே காலுக்கு இருவரும் சட்டைக்கையை மடித்துவிட்டுப் படுத்திருந்தார்கள். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு அறுவை அறைக்குப் போனார்.

தொலைபேசி மேசை மறுபடி அவளுடையதாயிற்று. இப்போதெல்லாம் அவள் யாருக்கும் வணக்கம் வைப்பதில்லை. எடுத்ததும் ஒரு திட்டு, பிறகு ரத்த வகை. ஒருவரும் வைப்பதில்லை.