உறைந்த ஏரியில் உடைத்த தேங்காய்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிரான்ஸின் ஜூரா மலையில் உறைந்து கிடந்த ஒரு ஏரியின் மேல் முழங்காலில் நின்று ஒரு தேங்காய்த் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். என்னோடு இருபது பேர் தேடினார்கள். அந்தத் தேங்காயை அங்கே உடைத்த புத்திசாலி நான்தான்.

முதலில் இருந்தே சொல்கிறேன். பாரிஸில் லாச்சப்பல் பக்கம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஐஸ் ஹொக்கி அணி வைத்திருக்கிறோம். சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் போடுவது. அதன்மேல் ஏறி ஓடலாம் என்று எங்களுக்கு யார் சொன்னது? நகரசபையின் பனித்தளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்த்து நின்ற நாங்கள் ஐந்து பேர், நாற்பது வயதில் ஆசைப்பட்டுச் சறுக்குச் சப்பாத்து கட்டினோம். இங்கேயே பிறந்த ஓர் இளையவன் ஆறாவதாக வந்து சேர்ந்தான். முதல் மூன்று மாதமும் விளையாடியதைவிட விழுந்ததுதான் அதிகம்.

ஜூராவில் ஒரு சின்ன ஊரில், ஏரி உறைந்ததும் நாலு நாலு பேராக ஆடும் போட்டி ஒன்று வைப்பார்கள். விண்ணப்பித்துப் பார்த்தோம், இடம் கிடைத்துவிட்டது! முதல் ஆட்டத்தில் தோற்றால் வீடு. அதைப் பற்றி யாருக்குக் கவலை? உண்மையான ஏரியில், வானத்துக்குக் கீழே ஆடப்போகிறோம். இரண்டு வாரமாக எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தமிழ்க் கடைத்தெருவான ரூ காயில் ஒரு தேங்காய் வாங்கினேன். கடைக்காரர் சிரித்தார்.

"என்ன அண்ணை, பிள்ளையார் தேர் ஆவணியிலயெல்லோ? இப்ப ஆருக்கு உடைக்கப் போறியள்?"

"ஏரிக்கு," என்றேன்.

சனிக்கிழமை காலை வாடகை வான் ஒன்றில் கிளம்பினோம். ஆறு பேர், மடியெல்லாம் ஹொக்கி மட்டை, ஒரு பெட்டி மீன் ரோல்ஸ். டிஜோன் நகரம் வருவதற்குள் பெட்டி காலி. மலையேறி ஒரு வளைவில் திரும்பியபோது ஏரி தெரிந்தது. அவ்வளவுதான், வானுக்குள் ஒரே கூச்சல். ஓட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தி இறங்கி, தானும் கத்திவிட்டு வந்து ஏறினான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் களத்துக்குப் போனோம். ஓரங்களில் பனியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் கண்ணாடிபோல் வழுவழுப்பு. சிவப்புத் தொப்பி போட்ட ஐம்பது வயதுப் பெண் ஒருவர், ஒரு வாரமாகக் குழாயால் தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சி அந்தத் தளத்தைச் செய்தாராம். பத்து மணிக்கு ஆட்டம்.

எங்கள் அணியில் மன்னார் நண்பன் ஒருவன் உண்டு. கத்தோலிக்கன், ரூ காயில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல். அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, என் கையில் இருந்த தேங்காயைப் பார்த்தான்.

"அண்ணை, கரையில கல்லுக் கிடக்கு. அங்கை உடையுங்கோவன்."

"கரையில உடைச்சா கரைதான் வெல்லும்! களத்தில உடைக்க வேணும்," என்றேன். அணித்தலைவர் இல்லையா நான்?

ஓங்கி அடித்தேன். தெருவில் உடைத்தால் தேங்காய் சிதறும். பனியில் உடைத்தால் தேங்காய் ஓடும். துண்டுகள் நாலா பக்கமும் வழுக்கிக்கொண்டு பறந்தன. தண்ணீர் விழுந்த இடத்திலேயே கட்டியாகத் தொடங்கியது. நாங்கள் கைதட்டினோம்.

சிவப்புத் தொப்பிப் பெண் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"தேங்காய், மதாம். எங்கள் வழக்கம். நல்லது நடக்கும் என்று உடைப்போம்."

"எத்தனை துண்டு?"

தேங்காய் உடைத்துவிட்டு யாராவது துண்டை எண்ணுவார்களா? ஒரு சின்னச் சிரட்டைத் துண்டில் சப்பாத்தின் அலகு மாட்டினாலும் ஆள் முகமடிபட விழுவார், பல்லும் போகும், மூக்கும் போகும் என்றார். கடைசித் துண்டு கிடைக்கும்வரை யாரும் களத்தில் இறங்க முடியாது. பத்து மணிக்குள் கிடைக்காவிட்டால் எங்களுக்கு ஆட்டமே இல்லை.

எல்லோரும் முழங்காலில் விழுந்தோம். எதிரணியினர் பக்கத்து ஊர்ப் பால்பண்ணைக்காரர்கள். ஆட்டமில்லாமலே வென்றிருக்கலாம். ஆனால் அவர்களும் கையுறையைக் கழற்றிவிட்டுத் தேட இறங்கினார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். சிரட்டை மேலே இருந்தால் கறுப்பாகத் தெரியும். தேங்காய்ப் பக்கம் மேலே இருந்தால் வெள்ளையில் வெள்ளை, கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"இனி இல்லை எண்டு எப்பிடித் தெரியும்?" என்று நான் தலையில் கை வைத்தேன்.

மன்னார் நண்பன்தான் வழி சொன்னான். "எண்ண ஏலாது அண்ணை. ஒட்டுவம். ஒரு நாளைக்கு எத்தினை தேங்காய் திருவுறன், எனக்குத் தெரியாத சிரட்டையோ?"

ஹொக்கி மட்டைக்குச் சுற்றும் துணி டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாங்கள் பொறுக்கிக் கொடுக்கக் கொடுக்க, விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒட்டினான். முழுத் தேங்காய் ஒன்று மெல்ல மெல்ல எழும்பி வந்தது. பால்பண்ணைக்காரர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் கைதட்டினார்கள். ஒன்பதரைக்கு வேலை முடிந்தது, தீப்பெட்டி அளவு ஒரு ஓட்டையைத் தவிர.

அந்த ஒரு துண்டு எங்கே? ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எனக்குச் சூடேறியது. எங்களில் ஆக இளையவன், பாரிஸ் புறநகரான பொண்டியில் பிறந்து வளர்ந்தவன். எங்களில் ஆகத் திறமாக ஆடுபவனும் அவன்தான். தேடும்போது அவன் ஒரு துண்டைக் கடித்ததைப் பார்த்திருந்தேன்.

"நீதான் திண்டுபோட்டுச் சிரட்டையை எறிஞ்சிருப்பாய்! கோயில் குளம் தெரியாமல் வளந்தால் இப்பிடித்தான்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"செ பா முவா, நான் இல்லை. கடிச்சதையும் ஒட்டக் குடுத்திட்டன்," என்றான். கரையில் போய் இருந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. குளிரில் மூக்கு ஒழுகியது. கைலேஞ்சி எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். விரலில் ஏதோ குத்தியது.

தடவிப் பார்த்தேன், சிரட்டை. தேங்காய் உடைந்தவுடன் என் காலடியில் வந்து நின்ற துண்டை, வீட்டில் மனைவிக்குக் கொடுக்க என்று நானே எடுத்துப் பைக்குள் போட்டிருந்தேன். கோயிலில் செய்கிற கைப்பழக்கம். கைக்குத் தெரிந்தது, தலைக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது வெட்கமில்லை, தந்திரம். மெல்லக் கீழே போட்டுவிட்டு, "இஞ்சை கிடக்கு!" என்று கத்தினால் போதும். எல்லோருக்கும் சந்தோஷம், ஆட்டமும் உண்டு. துண்டைக் கைக்குள் மறைத்தபடி குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால், எதிரே முழங்காலில் சிவப்புத் தொப்பி. அவர் என் கையையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார்.

பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே மூன்று முறை தடவிய இடத்தையே மறுபடி தடவத் தொடங்கினார். என்னை என் பாட்டில் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எப்படிப் பொய் சொல்வது? எழும்பினேன். துண்டை உயர்த்திப் பிடித்தேன். வாயில் பிரெஞ்சு வரவில்லை. "மா போஷ்... மா போஷ்," என்றேன். என் பை, என் பை.

பிறகு பால்பண்ணை அணியின் தலைவர் பனியில் மல்லாந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் துண்டை வாங்கி ஓட்டையில் வைத்து அமத்திப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. உடனே ஒரு போத்தல் சுடுநீரும் பனியும் கொண்டுவந்து, தேங்காய்த் தண்ணீர் கட்டியான இடத்தைச் சுரண்டி மெழுகத் தொடங்கினார்.

நான் கரைக்குப் போனேன். "தம்பி, பிழை என்ரைதான். மன்னிச்சுக்கொள்," என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "தமிழில பேசினியள், அவையளுக்கு விளங்கேல்லை. ஆனா என்ரை முகத்தைப் பாத்தவை. பிரெஞ்சிலையும் சொல்லுங்கோ, அவைக்கும் கேக்கட்டும்."

சொன்னேன். இருபது பேருக்கும் கேட்கும்படி, தப்புத் தப்பான பிரெஞ்சில் உரத்துச் சொன்னேன். அவன் நாடாவைக் கட்டினான்.

அந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு துள்ளுகிறது! காற்று முகத்தில் அடிக்க, கீழே ஏரி முனக, விழுந்து எழும்பி விழுந்து ஓடினோம். பதினொன்றுக்கு மூன்று என்று தோற்றோம். மூன்றில் இரண்டு அவன் போட்டது. மூன்றாவது என் முதுகில் பட்டுத் தானாகக் கோல் பெட்டிக்குள் போனது. அதற்குக் கரையில் எழும்பிய ஆரவாரம், கிண்ணம் வென்றவர்களுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

போகும்போது அந்தப் பெண்ணிடம் நன்றி சொன்னேன். "எதற்கு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குத் தளத்தைச் சுரண்டப் போய்விட்டார்.

பாரிஸுக்குப் பக்கத்தில் சென் தெனியில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் ஒரு குழுவுக்கு நான் பொறுப்பாளர். முன்பெல்லாம் யாராவது பிழைவிட்டால் கையும் மெய்யுமாகப் பிடித்து எல்லோர் முன்னும் ஏசுவேன். இப்போது யாராவது உடைத்ததை மறைப்பது கண்ணில் பட்டால், வேறு பக்கம் திரும்பி ஒரு நிமிடம் நிற்கிறேன். அநேகமாக, அவர்களே வந்து சொல்லிவிடுகிறார்கள்.