முன்னே ஒரு கியர், பின்னே நாலு

குழாய் ரிப்பேர்க்காரரின் பிக்கப் வண்டிக்கு முன்னே போக ஒரே கியர்தான், பின்னே போக நாலு என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அங்கே கிளம்பும் பேச்சுக்கெல்லாம் கை கால் முளைப்பது வழக்கம் என்பதால், நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால், ஒரு கியரைக்கூட யாரும் கூட்டிச் சொல்லவில்லை.

நாற்பத்தைந்து வருஷத்து வண்டி. எஞ்ஜின் உயிரை விட்டதும், மனைவியின் தம்பி படகு உடைக்கும் இடத்திலிருந்து ஒரு டீசல் எஞ்ஜினைச் சல்லிசாகப் பிடித்துவந்தான். மூன்று வாரம் மல்லுக்கட்டி உள்ளே இறக்கினார்கள். முதல் கியரைப் போட்டு மிதித்ததும் வண்டி விருட்டென்று பின்னால் போய்க் கொல்லைச் சுவரை இடித்தது. இரட்டை எஞ்ஜின் படகில் ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றுமாம். இவருக்கு வாய்த்தது அந்த மற்றது. நாலு கியரும் பின்னே இழுத்தன, ரிவர்ஸ் ஒன்றுதான் முன்னே போனது.

"நல்லா ஓடும்னுதானே மாமா சொன்னேன்? எந்தப் பக்கம்னு நீங்க கேக்கவே இல்லியே!"

"வாயை மூடுறியா, உன் மேலயே ஏத்தட்டுமா?"

"அதுக்கு நான் வண்டிக்குப் பின்னாடியில்ல நிக்கணும்!"

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள இது முதல் கியர்லயே மூஞ்சியைக் காட்டிக்கிட்டு வாசலுக்கு வரணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரர் இழுத்துட்டுப் போகட்டும்."

இருபதடிப் பைப்பை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? வண்டி போனால் தொழிலும் கூடவே போகும்.

இருந்தது ஒரே வழி. பின் அச்சைக் கழற்றித் தலைகீழாகப் புரட்டி மாட்டினால், எஞ்ஜின் எப்படிச் சுற்றினாலும் சக்கரம் முன்னே உருளும். அச்சைப் பிடித்திருந்தவை எட்டு நட்டுகள். ஏழு வந்தன. எட்டாவதைத் துரு தத்தெடுத்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார், சுத்தியலால் கெஞ்சினார், அதன் பரம்பரையையே திட்டினார். ஸ்பேனர் நழுவி விரல் முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்த இடமெல்லாம் ஓட்டை. அந்த ஒரு நட்டைத் தவிர வண்டியில் மற்றதெல்லாம் உதிரத் தயாராயிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே இரும்புக்காரர் வந்து அடியில் குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே, அச்சு ஒரு பக்கமாத் தொங்குது? இப்படியே இழுத்தா பாதி வண்டி ரோட்டுலயே நின்னுடும்."

"அந்த ஒரு நட்டுதான் பிடிவாதம் பிடிக்குது."

"நகருங்க."

காஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். நட்டு செக்கச் செவேலென்று சிவந்து, ஒரே தட்டில் கழன்றது.

"அச்சை மாட்டிவைங்க. ஒரு வீட்டுல பீரோ எடுக்கணும், பன்னெண்டுக்கு வந்து இழுத்துக்கறேன்."

மாட்டினார்கள். எப்படி மாட்டுவார்கள் என்று இரும்புக்காரர் கேட்காமல் போனதுதான் அவர் செய்த தப்பு. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில், கரும்புகையைக் கக்கிக்கொண்டு, வண்டி முகத்தைக் காட்டியபடி வாசலுக்கு வந்தது. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவர் இறங்கும்போது கதவு கையோடு வந்தது.

பீரோவோடு திரும்பிய இரும்புக்காரர் மறுபடி அடியில் குனிந்து பார்த்தார். இவர் முந்திக்கொண்டார்.

"செலவான காஸுக்கு ஒரு சிலிண்டர் வாங்கிக் குடுத்துடறேன்."

"காஸ் யாருக்கு வேணும்? இந்த வண்டி படுத்தா எனக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அந்த வார்த்தை மட்டும் இவர் வாயில் வரவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம் இவர் சிலிண்டர் என்கிறார், அவர் வார்த்தை என்கிறார். காஸ் பாக்கி அப்படியே நிற்கிறது.