பாய் வீட்டு எண்கள்

என் மகள் இந்தத் தவணைக் கணக்குப் பரீட்சையில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். தேர்ச்சி அட்டையை வாங்கிப் பார்த்ததும், முதலில் வந்தது யார் என்று கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்டால் அடுத்து என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியும். யார் வீட்டுப் பிள்ளை, அப்பா என்ன செய்கிறார், என்ன சனம். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து கோணலாக விழுந்தது.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விகளை முதலில் கேட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மலாயாவில் அவசரகாலம் அது. புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, தொழிலாளர் லயங்களையும் பள்ளிக்கூடத்தையும் பாயின் மளிகைக் கடையையும் ஒரே வளைவுக்குள் அடைத்திருந்தார்கள். வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் கேட்டில் சோதனை. ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டு போகிறாய் என்று பிடித்து வைத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் அதற்குப் பயந்தார்கள். நான் பயந்தது பாய் மகளுக்கு.

அவள் என் வகுப்பு. கரும்பலகையில் வாத்தியார் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு எதுவும் நடக்காததுபோலத் தாவணி நுனியைத் திருகிக்கொண்டு நிற்பாள். பெருமைப்பட்டிருந்தாலாவது திட்டலாம். அந்த வருஷம் தோட்டத்துத் துரை ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். கணக்கில் முதலாவதாக வரும் ஒரு பிள்ளையைத் தோட்டத்துச் செலவில் கோலசிலாங்கூர் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு பிள்ளை. அது நானில்லை என்பது பரீட்சைக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் ரப்பர் மரத்தில் பால் சீவும் கத்தி பிடிக்க வேண்டியதுதான்.

மாமா பால் மரம் சீவுபவர். அச்சடித்த எதையும் விடமாட்டார், மிளகாய் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிப்பார். அப்படி ஒரு காகிதத்தில், வாசகர் கேள்விக்குப் பதில் பகுதியில், நாம் பள்ளியில் எழுதும் 1, 2, 3 ஆகியவற்றுக்கு அரபு எண்கள் என்று பெயர் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே காகிதம் கிழிந்திருந்தது. மாமாவுக்கு அதுவரைக்குமே போதுமாக இருந்தது.

“பாத்தியாக்கா? நாம இவளை மக்குன்னு நெனச்சிட்டோம். அவங்க நம்பர்ல பரீட்ச வச்சா அவங்க வீட்டுப் புள்ளதானே மொத வரும்?”

நான் மக்கு இல்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இரவெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அவள் கெட்டிக்காரி இல்லை, சொந்தக்காரி. என்னால் அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

மாமா நாலைந்து அப்பாக்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாத்தியார் பொறுமையாகத்தான் சொன்னார்.

“தம்பி, அந்த எண்ணெல்லாம் இந்தியாவுலேருந்து போனதுதான். அராபியர்கள் அங்கேருந்து கத்துக்கிட்டாங்க, வெள்ளைக்காரன் அவங்ககிட்டேருந்து கத்துக்கிட்டு அவங்க பேரைச் சொல்றான்.”

“சார் பாய் வீட்டு நோம்புக் கஞ்சி குடிச்ச விசுவாசம்லா,” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரிக்க வேண்டியதாயிற்று. தமிழ்ப் பள்ளியில் தமிழ் எண்ணில்தான் பரீட்சை என்று முடிவானது.

அதற்குப் பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. எங்கள் லயத்தில் யாருக்கும் தமிழ் எண் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் மறந்துபோயிருந்தது. வீடு வீடாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூருக்குப் பஸ் ஏறிப் போய், கோயிலில் கிடந்த பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒன்று முதல் பத்து வரைக்கும் எழுதிக்கொண்டார். எனக்குக் கடினமாக இருந்த ஏழாம் வாய்ப்பாட்டையும் அந்த எண்களிலேயே எழுதிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு திரும்பினார்.

கேட்டில் பிடித்துவிட்டார்கள்.

நானும் அம்மாவும் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமாவை வெயிலில் குந்த வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார ஆபீசர் காகிதத்தைத் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் நீட்டி, படி என்றார். எங்கள் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாகப் படித்தவர். தமிழ் எண்கள் பார்வைக்குத் தமிழ் எழுத்தைப் போலவே இருக்கும் அல்லவா? அவர் எழுத்தாகவே படித்தார்.

“எ... அ... ருச... இது தமிழ் எழுத்துத்தான். ஆனா ஒரு சொல்லும் வரேல்லை.”

சொல் வராத எழுத்து என்றால் ஆபீசருக்கு ஒரே அர்த்தம்தான், காட்டுக்குப் போகும் ரகசியச் செய்தி.

“நம்பருங்க ஐயா. தமிழ் நம்பரு. வாய்ப்பாடு,” என்றார் மாமா. நம்பர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று ஆபீசர் சொன்னதாகக் கிராணி மொழிபெயர்த்தார். உன்னைத் தவிர இதை வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் காட்டு, இல்லையென்றால் லோரியில் ஏறு. லோரியில் ஏறியவர்களைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று அப்போது பேச்சு. கூட்டத்தில் எல்லாருமே தமிழர்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

சரக்குக் கணக்கு எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, அம்மா யாரிடமும் சொல்லாமல் பாய் கடைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். மாமா பேச்சை நம்பி இரண்டு வாரமாக அந்தப் படி ஏறாமல் இருந்தவள் அம்மா.

“பாய், எந்தம்பிய ஏத்திட்டுப் போகப் போறாங்க. தமிழ் நம்பரு தெரிஞ்ச ஆளு வேணுமாம்.”

பாய் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் இருந்த மூட்டைகளில் கரியால் சுழித்துச் சுழித்து எழுதியிருந்தது. அதை அரபு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருடைய ஊரில் அவர் அப்பா கடை வைத்திருந்த காலத்திலிருந்து அவர்கள் சரக்குக்கு எழுதுவது தமிழ் எண்ணில்தானாம்.

“நான் போயி நின்னா என்னாகும்னு தெரியுமா தங்கச்சி?” என்றார்.

“தெரியும் பாய்,” என்றாள் அம்மா.

அவர் தராசுத் தட்டைத் துடைத்து வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். உள்ளிருந்து மகள் ஓடிவந்து, “அத்தா, நானும்,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஏன் வர வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது. என் மாமாவுக்கு நடப்பது, அதில்கூட அவளா?

கேட்டில் பாய் காகிதத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, தூர வைத்து, தடுமாறினார். மகள் அதை வாங்கி உரக்கப் படித்தாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு. எட்டாவது வரியில் நின்று மாமாவைப் பார்த்தாள்.

“மாமா, இது தப்பு. எட்டேழு அம்பத்தாறு. அம்பத்தி நாலுன்னு எழுதியிருக்கீங்க.”

கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஆபீசர் சிரித்துவிட்டார். ரகசியச் செய்தியில் யாரும் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாக எழுதமாட்டார்கள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மாமாவை எழுந்திருக்கச் சொன்னார். அவளுக்குப் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அது சிவப்புக் காகிதம் சுற்றியது. வேறெதையும்விட அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு ஆபீசர் பாயைப் பார்த்து யோசித்து, கிராணியிடம் ஏதோ சொன்னார்; அது என்னவென்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தோட்டம் முழுக்கத் தேடினாலும் இதைப் படிக்க இந்தக் குடும்பம் ஒன்றுதான். அரிசி விற்பதும் இவர்கள்தான். இவர்கள் மூட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிராணி இதை எல்லாருக்கும் கேட்கும்படி மொழிபெயர்க்கவில்லை, மெதுவாகப் பாயிடம் மட்டும் சொன்னார். மாமாவுக்கு வைத்திருந்த லோரியில் பாய் ஏறினார்.

சில நாட்களில் பாயை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அரிசி விற்கும் அனுமதி திரும்பி வரவில்லை. பாய் குடும்பம் சுங்கை பெசாரில் உறவினர் கடைக்குப் போய்ச் சேர முடிவு செய்தது. பரீட்சை அவர்கள் போன அடுத்த வாரம் நடந்தது. வாத்தியார் கரும்பலகையில் 1, 2, 3 என்றே எழுதினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் முதலாவதாக வந்தேன்.

அவர்கள் புறப்பட்ட காலையில் மாமா அவர்கள் சாமான்களை லோரியில் ஏற்றினார். பாய் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார், மாமா வாங்கவில்லை. அவள் மூட்டைகளின் உச்சியில், எல்லாரையும்விட உயரத்தில் உட்கார்ந்திருந்தாள். லோரியில் போகிறாள், கடைத்தெரு இருக்கிற பெரிய ஊருக்குப் போகிறாள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. லோரி கேட்டைத் தாண்டியதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“ஏம்மா அழுவுற? இனிமே நான்தானே மொத,” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அவளுக்கும் அந்தப் பிள்ளையைத்தான் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.