கற்பகத்தின் குழந்தைக்கு ஊசிக் காய்ச்சல்

நான் காலையிலேயே சொன்னேன். சாயங்காலம் காய்ச்சல் வரும், ஊசி போட்ட தொடை வீங்கும், குழந்தை சிணுங்கும். மூன்றும் அப்படியே நடந்தன.

பக்கத்து வீட்டுக் கற்பகம் ஒன்றரை மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அழுகை எங்கள் கள்ளிக்குப்பத்திலிருந்து வானகரம் வரை கேட்டிருக்கும்.

இத்தனை சின்ன ஊசிக்கு உடம்பு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்கப் போனேன். தொடையில் தேய்க்க எண்ணெயைச் சுட வைத்துக்கொண்டிருந்தாள்.

"நர்சு இன்னாம்மா சொன்னாங்க?"

"தேய்க்கக் கூடாதுன்னாங்க. காய்ச்சலுக்கு சொட்டு மருந்து குடுத்தாங்க. ஆனா நல்லா இருந்த புள்ள இப்டி கீதே மாமா! அடுத்த ஊசிக்கு நான் போவவே மாட்டேன்."

"எம் பையனுக்கும் இதே கததான். ராவெல்லாம் மடியில வச்சிகினு குந்தியிருந்தேன். மறுநாளு ஜம்முனு சிரிச்சான்."

கற்பகம் எண்ணெயை இறக்கிவிட்டு மருந்தைக் கொடுத்தாள். குழந்தை தூங்கியது. "அடுத்த தபா நீங்களும் வாங்க மாமா" என்றாள்.

ஒரே ஒரு திருத்தம். என் பையனுக்குக் காய்ச்சல் வந்த அன்று ராத்திரி நான் கம்பெனியில் ஷிப்டில் இருந்தேன். மடியில் வைத்திருந்தவள் என் மனைவி. காய்ச்சல் எத்தனை நேரம் இருந்தது என்று இன்றுதான் அவளிடம் கேட்டேன்.

"இன்னிக்குத்தான் கேக்கத் தோணிச்சா?" என்றாள்.

உங்கள் வீட்டில் பிள்ளைக்கு ஊசி போட்ட அன்று ராத்திரி விழித்திருந்தது யார்? விசாரித்துவிட்டு எழுதுங்கள்.