துடைத்துவிட்ட குரோமோசோம்கள்

உசிலம்பட்டிப் பேருந்தில் சாக்குப்பைக்குள் எறும்புத்தின்னியைக் கடத்திப்போன ஆளைப் பிடித்தார்கள். பிராணி வனத்துறைக் கூண்டுக்குப் போனது. கரையான் புற்றையே பெயர்த்து வைத்தும் வாய் வைக்கவில்லை. நம் நாட்டு இனம் என்று எழுதிக் கொடுத்தால் மலையடிவாரத்தில் விட்டுவிடலாம். வேற்று நாட்டு இனமென்றால் கூண்டுதான். செதில் பாதி பிய்ந்திருந்ததால் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இனத்துக்கு இனம் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுமே, அதனால் அதன் ரத்தம் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தது. எண்ண வேண்டியவள் நான்.

எங்களுடையது பழைய வழக்கம். நுண்ணோக்கியில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, குரோமோசோம்களைக் கத்தரித்து ஜோடி ஜோடியாக ஒட்டி எண்ணுவோம். அச்சடிப்பது செல்லூரில், காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பிளக்ஸ் அடிக்கும் கடையில்.

எண்ணினேன். நம் நாட்டு இனத்தின் கணக்குக்கு இரண்டு குறைந்தது. பத்துப் படத்திலும் அதே இரண்டு. எந்த எறும்புத்தின்னிக்கும் பொருந்தாத கணக்கு! என் வேலையில் எனக்குச் சந்தேகமே வராது. அந்தத் திமிருக்குச் சரியான அடி. அது பட்டினியில் செத்தால் என் தலையில்தான் விடியும் என்று அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை, வேறு செல்களின் படங்களோடு கடைக்குப் போனேன்.

“வா தங்கச்சி. போன தடவ மாதிரி அழுக்கெல்லாம் எடுத்துத் தரவா?” என்றார் கடைக்காரர்.

“என்ன அழுக்குண்ணே?”

“புள்ளி புள்ளியா தூசி கெடந்துச்சுல்ல? புது சாஃப்ட்வேர் போட்டுருக்கேன், ஒரே அமுக்குல போயிரும். எம்புட்டுப் பேரு மூஞ்சில பருவையே எடுத்துருக்கேன்!”

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். இருப்பதிலேயே சின்ன ஜோடியை அழகுபடுத்தி அழித்திருக்கிறார். அசல் படத்தை அவர் கணினியிலேயே திறந்து, திரையில் விரலை வைத்து எண்ணினேன். சரியாக இருந்தது. நம் நாட்டு இனமேதான். திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

எங்கள் பேராசிரியர் அன்றே கடிதம் கொடுத்தார். பொழுது சாயும் நேரத்தில் மலையடிவாரத்தில் கூண்டைத் திறந்தபோது நானும் போயிருந்தேன். அது சுருண்டே கிடந்தது. நாங்கள் தாமதித்துவிட்டோமோ என்று குனிந்து குனிந்து பார்த்தேன். வெகுநேரம் கழித்து மூக்கு வெளியே வந்தது. தள்ளாடி நடந்து, எதிரே இருந்த புற்றில் நகத்தைப் போட்டு இழுத்தது.

“தின்னுதும்மா” என்றார் வனக்காவலர், மெதுவாக.

அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.